செலுவாங் தனியாக வாழாது

இல்லை, அதற்கு நோய் எதுவும் இல்லை. தனியாக இருக்கிறது, அவ்வளவுதான். கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சாப்பிடாமல், நிறம் வெளுத்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ நீலத் தூளைக் கரைத்து ஊற்றினாயாம். இனி ஊற்றாதே. கடைக்காரன் சொன்னான் என்று ரகத்துக்கு ஒன்றாக ஐந்து மீன் வாங்கி, கல்யாணமாகி வருகிறவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கலர் கலராகப் பார்க்கட்டும் என்று வாசலுக்கு நேரே தொட்டியை வைத்திருக்கிறாய். படித்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு போய் ஒரு பரபரப்பு வந்துவிட்டது. சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. செம்பு நிறம், பின்பாதியில் ஆப்பு அடித்தது போல ஒரு கறுப்பு முக்கோணம், விரல் நீளம்கூட இல்லை: நீ வர்ணித்த அந்த மீனை எனக்குத் தெரியும். இங்கே அதைச் செலுவாங் என்போம். அந்த மீன் இல்லாவிட்டால் நீ இல்லை. மிகைப்படுத்தவில்லை. படித்துப் பார்.

உன் கடிதத்தின் கடைசியில் இன்னும் இரண்டு விஷயங்களை அவசரமாக எழுதியிருந்தாய். ஒன்று, நிச்சயதார்த்தத்தன்று உன் சின்னம்மா எல்லார் முன்னாலும் சொன்னது. "எங்க காலத்துல என்ன பொருத்தம் பாத்தாங்க? ஜப்பான்காரனுக்குப் பயந்து கட்டி வெச்சாங்க. அக்காவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்." அது உண்மையா என்று கேட்கிறாய். இன்னொன்று, நீ அந்தப் பெண்ணை ஆசிரியை வேலையை விட்டுவிடச் சொல்லியிருப்பது. நீ வேலை பார்க்கும் ரவுப் அவளுக்குப் புது ஊர், குவார்ட்டர்ஸ் ஊருக்கு வெளியே, நீ பாதி நாள் காட்டுச் சாலையில் இருப்பாய், அவள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்கிறாய். அவள் சரி என்று சொல்லிவிடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால்தான் என் கையெழுத்து இப்படி ஓடுகிறது.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபது வயது. சிங்கப்பூரில் மருத்துவப் படிப்பின் முதலாண்டு. தவளையையும் கரப்பானையும் அறுத்துப் பார்த்ததோடு சரி. படிப்பு நின்றது. மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். உன் தாத்தா மருத்துவமனையில் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர். வந்த மறுநாளே அவர் கையாலேயே என் தலைமுடியையும் உன் சின்னம்மா முடியையும் கத்தரித்தார். முகத்தில் கரி. பின்கட்டு அறை. பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டின் கதவைத் தட்டுவார்கள் என்று ஒரு பேச்சு. கழுத்தில் தாலி இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று இன்னொரு பேச்சு. தெருவில் கல்யாணங்கள் நடந்தன. மேளம் இல்லை, பந்தல் இல்லை, மரவள்ளிக்கிழங்குப் பாயசம். மாப்பிள்ளை யார் என்று யாரும் கேட்கவில்லை. சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். எனக்கும் ஒரு சுவர் பார்த்து வைத்திருந்தார்கள். செமாபோக்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், கல் வீடு.

"நல்ல மனுசன். மூட்டையில அரிசி இருக்கு. வீட்டச் சுத்திக் கண்ணாடிச் சில்லு பதிச்ச சுவரு," என்றார் உன் தாத்தா.

"சுவர யாருப்பா கட்டிக்கறது?"

"வாய் பேசாத. தை பொறக்கற வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல என் நெஞ்சு தாங்காதும்மா. ஒன்னு நீயா சொல்லு, இல்ல நான் சொல்றவனக் கட்டிக்க."

நானாகச் சொல்ல எனக்கு யாரைத் தெரியும்? பின்கட்டு அறையில் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கிணறு. வேலிக்குள் இருந்ததால் கிணற்றடி மட்டும் எனக்கு அனுமதிக்கப்பட்ட வெளி. அப்படித்தான் உன் அப்பாவைப் பார்த்தேன். தலைகீழாக. கிணற்றுக்குள் பாதி உடம்பைத் தொங்கவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வேலை உனக்குத் தெரியும், ஆனால் அந்தக் காலத்தில் அது எப்படி இருந்தது என்று தெரியாது. சண்டைக்கு முன் சுகாதார இலாகாவின் கொசு எண்ணெய்க் கூட்டத்தில் ஆள். சாக்கடையிலும் குட்டையிலும் எண்ணெய் தெளிப்பார்கள், கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும். ஜப்பான்காரன் காலத்தில் எண்ணெய் நின்றது. மலேரியா மருந்தான கொயினா நின்றது. காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை. அப்போது அவர்கள் கூட்டத்து மேஸ்திரிக்கு, மண்டோர் என்போம், ஒரு யோசனை வந்தது: கிணற்றில் மீன் விடலாம், மீன் புழுவைத் தின்னும். உன் அப்பா புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் ஓடைக்குப் போய்ச் செலுவாங் பிடித்துத் தகர டின்னில் கொண்டுவந்து, வீடு வீடாகக் கிணற்றில் விட்டார். ஒரு கிணற்றுக்கு ஒரு மீன்.

ஏன் ஒன்று? அந்த நாட்களில் வாழ்ந்தவர்களுக்கு அது கேள்வியே இல்லை. அரிசி பங்கு. உப்பு பங்கு. சவர்க்காரம் பங்கு. யாருக்கு ஒரு கைப்பிடி கூடப் போயிற்று என்று தெருவே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மீன் மட்டும் எப்படி விதிவிலக்காகும்? பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது.

"தம்பி, மூணாவது வீட்டுக் கெணத்துல ரெண்டு வுட்டியாமே? ஏன், நாங்க மனுசங்க இல்லையா?"

"ஒன்னுதான் அக்கா. எல்லா வீட்டுக்கும் ஒன்னு. சாமா ராத்தா லா."

சாமா ராத்தா என்றால் எல்லாருக்கும் சமம். அவருக்கு அப்போது தெரிந்த தமிழ் அந்த அளவுதான். மலாக்கா செட்டிக் குடும்பம். வீட்டில் சாமி தமிழ்ச்சாமி, பேச்சு மலாய். நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் மலாயில். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

சமமாகப் பங்கு போட்ட மீன்கள் சமமாகச் செத்தன. சாகாதவை ஒளிந்தன. எங்கள் கிணற்றில் விட்டது உறைக்கல் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. நான் தினமும் கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். வேறு வேலை? மேலே புழுக்கள் நெளிந்துகொண்டே இருந்தன. அது வரவே இல்லை. உன் தொட்டியில் இருக்கிறதே, அதே போல. வெளுத்து, சாம்பல் பூசியது போல. வாளியை மெல்ல இறக்கி அதை மொண்டு மிட்டாய் ஜாடியில் விட்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது வேலி அருகே போய் நின்றேன். ஒரு ஆண்பிள்ளையிடம் நானாகப் பேசி எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

"உங்க மீன் சாப்பிடல," என்றேன்.

"புது எடம். வெட்கப்படுது."

"வெட்கம் இல்ல, பயம். ஓடையில தனியாவா பிடிச்சீங்க?"

யோசித்தார். "இல்ல. வலையப் போட்டா கூட்டமா வரும். தனியா ஒன்னு பாத்ததே இல்ல."

"அப்ப இன்னும் ஏழு கொண்டு வாங்க."

"ஏழா! உங்க வீட்டுக்கு எட்டு குடுத்தேன்னு தெரிஞ்சா அந்த அக்கா என்னைக் கெணத்துல தள்ளிடுவாங்க."

கொண்டுவந்தார். சட்டைக்குள் பால் டின்னை மறைத்துக்கொண்டு, வயிற்று வலிக்காரன் போலக் குனிந்து நடந்து வந்தார். ஜாடியில் ஊற்றினோம். இதை எப்படிச் சொல்வது? மூலையில் கிடந்தது அசைந்தது. ஒன்றின் பக்கத்தில் போய் நின்றது. அடுத்த கணம் எட்டும் ஒரே பக்கம் திரும்பின. யார் சொன்னார்கள்? எது முதலில் திரும்பியது? பார்க்கவே முடியவில்லை. மறுபடி திரும்பின. சாம்பல் கரைந்து உள்ளே இருந்து செம்பு மேலே வந்தது, விளக்குத் திரியைத் தூண்டியது போல. புழுக்களை அள்ளிப் போட்டேன். பாய்ந்து தின்றன. நான் கத்திவிட்டேன். அந்த வீட்டில் அந்த வருஷத்தில் பெண் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை. சிப்பாய் வந்துவிட்டான் என்று உன் தாத்தா கையில் அம்மிக்குழவியோடு ஓடி வந்தார். வந்து பார்த்தால் மகள் ஒரு ஜாடிக்கு முன்னால் குதித்துக்கொண்டிருக்கிறாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டிப் பையன் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே முதல் விதி. இந்த ஞாயிறே போய் இன்னும் ஏழு வாங்கு. முடிந்தால் பத்து. மற்ற நான்கு ரகங்களைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடு. அதில் நீளச் செட்டைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, அவன் வளர்ந்தால் இவற்றை விழுங்குவான். செலுவாங் யாரையும் கடிக்காது, துரத்தாது. அடக்கமான மீன். அதனால்தான் கூட்டம் அதற்கு வேண்டும். கொண்டுவந்ததும் கொட்டிவிடாதே. டின்னோடு தொட்டியில் மிதக்கவிடு. இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டின்னில் சேர்த்து, அதுவாக நீந்திப் போகும்படி சாய். புது இடத்துக்கு வருகிற எதையும் அப்படித்தான் சேர்க்க வேண்டும். மீனைச் சொல்கிறேன்.

ஆனால் கிணறுகளுக்கு என்ன செய்வது? எங்கள் தெருவுக்கே கிணற்றுக்கு எட்டு என்றால் ஓடையில் மீன் மிஞ்சாது. இரண்டு பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று யோசித்தோம். யோசனை எனக்குத்தான் வந்தது. மீனைப் பங்கு போட வேண்டாம், நாளைப் பங்கு போடலாம். மொத்தக் கூட்டமும் ஒரு கிணற்றில் இருக்கட்டும். புழு தீர்ந்ததும் அடுத்த கிணறு. புழு கொசுவாவதற்குள் சுற்றி வந்துவிட வேண்டும். அவர் கண்களை இடுக்கிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "பிடிக்கறதும் சுலபம். வாளியில கிழங்குத் துகள் போட்டு எறக்கினா, ஒன்னு உள்ள போனா எல்லாம் போகும்." மண்டோர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். அப்போதுதான் உன் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து உன் தாத்தாவிடம் அதைக் கேட்டார். என்னைப் பெண் கேட்கவில்லை. மீனோடு வரச் சொல்லிக் கேட்டார். என்சே என்றால் மலாயில் ஐயா.

"என்சே, புழு எப்ப தீந்துச்சு, மீனு சொகமா இருக்கா, இதெல்லாம் உங்க மகளுக்குத்தான் தெரியுது. எனக்கு எல்லா மீனும் ஒன்னாத்தான் தெரியுது. கூட வரட்டும்."

"வெளியிலயா? பொம்பளப் பிள்ளையா? உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

"பகல்ல. தெருவுல நாலு பேரு பாக்க. இலாகா கைப்பட்டை வாங்கித் தரேன். பட்டை கட்டினவங்கள சும்மா விடுவாங்க."

கொயினா இல்லாத மருத்துவமனையில் காய்ச்சல்காரர்களின் நெற்றியில் ஈரத்துணி போடுவதுதான் உன் தாத்தாவுக்கு அப்போது மிஞ்சியிருந்த வைத்தியம். கடைசியில், "இருட்டறதுக்குள்ள வந்துடணும்," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் செருப்பைத் தேட ஓடினேன்.

முதல் நாள் வெயில் கண்ணைக் குத்தியது. கால்களுக்கு நடை மறந்திருந்தது. தெரு இவ்வளவு அகலமா? முன்னால் அவர் டின்னோடு, பின்னால் நான் மூடி ஏந்திக்கொண்டு, வெட்டிய முடியோடு, கையில் பட்டையோடு. வீட்டுக்கு வீடு நின்று பார்த்தார்கள். எட்டு மீன் பிறகு பன்னிரண்டாயிற்று, இருபதாயிற்று. பாக்கியம் அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார். "எங்க கெணத்துக்கு எப்ப சாமி வருது?" என்பார். "நாள் கூட வெச்சுக்கிட்டா திருப்பித் தர மாட்டீங்க அக்கா, அதான் கடைசி," என்பார் உன் அப்பா. சிரித்தோம். தெருவில், பகலில், அந்தக் காலத்தில். அதை நீ எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் சந்திப்பில் காவல் நின்ற சிப்பாய் எங்களை நிறுத்தினான். டின்னைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து நின்றோம். "சாக்கானா?" என்றான். மீன் என்று அர்த்தம். அதற்குள் எல்லாருக்கும் அவர்கள் பேச்சில் நாலு சொல் தெரிந்திருந்தது. மூடியைத் திறந்து விரலைத் தண்ணீரில் விட்டான். கூட்டம் ஒரே வீச்சில் திரும்பியது. சிரித்தான். மறுபடி விட்டான். மறுபடி. நாங்கள் குனிந்தபடியே நிற்கிறோம். உச்சி வெயில், தகர டின், தண்ணீர் சுட ஆரம்பித்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நிமிர்ந்தேன், டின்னைத் தூக்கினேன், மர நிழலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். "சூடு," என்றேன் மலாயில். சிப்பாய் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தான். எந்த ஊர்ப் பிள்ளையோ, மீன் வளர்த்தவனோ என்னவோ. தன் தண்ணீர்க் குப்பியைத் திறந்து டின்னில் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகச் சொன்னான். தெரு திரும்பியதும் உன் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு வரவேண்டாம்" என்பார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு ஈரச்சாக்கு சுத்திக் கொண்டு வரணும்," என்றார்.

மார்கழியில் ஒரு தொட்டி செய்தார். ஜாடி போதவில்லை, எனக்குப் பக்கவாட்டில் பார்க்க வேண்டியிருந்தது. ஆள் இல்லாத ஒரு வீட்டின் உடைந்த ஜன்னலில் இருந்து கண்ணாடி. எண்ணெய்த் தகரத்தை மடக்கிச் சட்டம். மூலைகளுக்குப் படகுக்காரர்கள் ஓட்டை அடைக்கும் டாமார்ப் பிசின். கசிந்தது, மறுபடி பூசினார், மறுபடி கசிந்தது. ஒழுகாத அன்று மண்டபம் கட்டி முடித்த ராஜா போல இடுப்பில் கை வைத்து நின்றார். அதில் ஓடைச் செடிகளை மண்ணோடு நட்டு, கூட்டத்தில் இருந்து பத்தைப் பிரித்து விட்டோம்.

போகி வந்தது. இங்கேதான் என் தவறு. வீட்டில் பழையதெல்லாம் வெளியே போக வேண்டிய நாள். நான் தொட்டியைப் பார்த்தேன்: இலை மக்கி, அடியில் வண்டல், தண்ணீர் மங்கல். சுத்தம் செய்யாமல் பொங்கல் வைக்கலாமா? நான் படித்தவள் வேறு. தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன். கண்ணாடியைச் சாம்பலால் தேய்த்தேன், இலைகளைத் துடைத்தேன், கொதிக்க வைத்து ஆறவைத்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றினேன். பளிங்கு! மீன்கள் மூலையில் குவிந்து மூச்சு வாங்கின. மாலைக்குள் இரண்டு போயின. உன் அப்பா வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெளியே போய்க் கெத்தாப்பாங் என்கிற நாட்டுவாதுமை மரத்தடியில் காய்ந்து விழுந்த இலைகளைப் பொறுக்கி வந்தார். "அவங்க ஊருத் தண்ணி தேத்தண்ணி கலரு. இவ்ளோ வெளிச்சத்துல அவங்களுக்கு ஒளிய எடமில்ல," என்றபடி கிணற்றுத் தண்ணீரில் இலைகளை ஊறப் போட்டார். இரண்டு நாளில் தொட்டி பொன் பழுப்பாயிற்று.

இரண்டாவது விதி அதுதான். தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதே. வாரம் ஒரு முறை கால்வாசி போதும். ரவுப்பில் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்று. காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றைப் போட்டு வை. விருந்தாளிகள் அழுக்குத் தண்ணீர் என்பார்கள். சொல்லட்டும். தொட்டியை வாசல் வெளிச்சத்தில் இருந்து உள்ளே நகர்த்து. தீனி கிள்ளிப் போடு, கொட்டாதே. கண்ணாடியைத் தட்டாதே.

பழுப்புத் தண்ணீரில் மிஞ்சியவை தேறின. தை பிறந்துவிட்டது. செமாபோக்காரர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். உன் தாத்தா என் முகத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார். வியாழன் காலை, தொட்டி மேல் வெயில் சாய்வாக விழும் நேரம், டின்னை எடுக்க வந்த உன் அப்பா திடீரென்று கூப்பிட்டார்.

"இங்க வா! ஒன்னு செத்துட்டுது!"

ஓடினேன். வயிறு பெருத்த மீன் ஒன்று தலைகீழாகக் கிடந்தது, அகன்ற இலை ஒன்றின் அடியில், வயிறு மேலே. அவர் கையை விட்டு எடுக்கப் போனார். பின்னால் இருந்து உன் தாத்தா குரல்: "தொடாத தம்பி! சாவுற மீனு தண்ணிக்கு மேல வரும். எலைக்கடியில போயி ஏன் ஒட்டிக்கிது?" அவரும் வந்து எங்களோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூன்று தலைகள் ஒரு கண்ணாடிக்கு முன்னால். தலைகீழ் மீன் வயிற்றை இலையில் உரசியது. இன்னொன்று, மெலிந்து செக்கச் சிவந்தது, அதன் பக்கத்தில் வந்து தானும் தலைகீழாகி, உடம்பை வளைத்து அதை அணைத்தது. ஒரு நடுக்கம். பிரிந்தன. இலையின் அடியில் நாலைந்து கண்ணாடி மணிகள்!

"முட்டை," என்றேன். "முட்டை! முட்டை!"

மறுபடி போயின. மறுபடி கவிழ்ந்தன. அடுத்த இலை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெளியே உலகம் ஒருவரை ஒருவர் தின்றுகொண்டிருந்தது. இவை எங்கள் பின்கட்டில் தகரமும் டாமாரும் நடுவே, தலைகீழாக நின்று பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தன. நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காதது. உன் அப்பா என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கக் கேள்வி: இனி என்ன செய்ய வேண்டும்? கூட்டமே திரும்பி முட்டையைத் தின்றுவிடும், இலைகளைப் பிரித்து வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டும், இருட்டில் வைக்க வேண்டும், குஞ்சுக்குத் தீனியாக வைக்கோல் ஊறிய தண்ணீர் தயார் செய்ய வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது தெரிந்துவிட்டது. இந்த வருஷம் முழுவதும் எல்லாரும் என்னை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். இவர் ஒருவர்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டவர்.

"அப்பா, நாளைக்கு அவர வரவேணாம்னு சொல்லிடுங்க."

உன் தாத்தா தொட்டியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்?"

"நானா சொல்லச் சொன்னீங்கல்ல. சொல்றேன். இவரு."

உன் அப்பாவுக்குத் தமிழ் அவ்வளவு வராது என்றேன் அல்லவா, அந்த ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. கையில் இருந்த டின்னை நழுவவிட்டார். நல்லவேளை, காலி டின்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: பயத்தினால் இல்லை. உன் சின்னம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது பதினேழு வயது, அவளுக்குப் பார்த்த சுவருக்குள் அவள் போனாள், அவளுக்கு நடந்தது அதுதான். அவளிடம் இதை வைத்துச் சண்டைக்குப் போகாதே. ஆனால் என்னையும் தன்னோடு சேர்த்து எண்ணிக்கொண்டாள். அது அவள் எண்ணியது.

இப்போது அந்தப் பெண்ணின் வேலை. பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். நல்ல எண்ணம்தான். செமாபோக்காரருக்கும் நல்ல எண்ணம்தான். ரவுப்பில் அவளுக்கு உன்னைத் தவிர ஒரு முகம் தெரியாது; பள்ளிக்கூடம் போனால் ஒரு வாரத்தில் பத்து முகம் தெரியும். நீ ஒருவன் கூட்டமாக முடியாது, அய்யா. எவ்வளவு அன்பு வைத்தாலும் முடியாது. வேலையை விடச் சொன்னது தப்பு என்று இன்றே அவளுக்கு எழுது. சாலை மோசம் என்றால் சைக்கிள் வாங்கிக் கொடு. பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்றே அவளிடம் சொல். அதற்குப் பத்திரம் என்று பெயர் வைக்காதே. பிறகு அவளைக் கேள், அடுத்து என்ன செய்யலாம் என்று. அவள் சொல்வதைச் செய்ய முடியாவிட்டாலும் கேள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா ஏன் கட்டிக்கொண்டார் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. பேனாவை மூடிவிட்டுப் பின்பக்கம் போனேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"தாக்குட் லா," என்றார், வாளியை இறக்காமலே. பயந்துதான். "கல்யாணம் ஆகாதவனத்தான் மொதல்ல சயாம் ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போறாங்கன்னு பேச்சு. கூட்டத்துல ரெண்டு பேரு போயிட்டாங்க. நீ இவருன்னு சொன்னப்போ எனக்கு மொதல்ல தோணினது அதுதான். தப்பிச்சோம்னு."

"இத்தன வருசமா சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே."

நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியாத சிரிப்பு. பிடரி வரைக்கும் பயத்தோடு இந்த மனிதர் தினமும் என்னைத் தெருவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஒரு நாளும் உள்ளே இரு என்று சொன்னதில்லை. உன் சின்னம்மா சொன்னதில் பாதி உண்மைதான் போலிருக்கிறது. வேறு பாதி. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

இனி கடிதத்தை உறையில் போட்டு ஒட்ட வேண்டியதுதான். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு, வலையோடு புக்கிட் காதில் பஸ்ஸில் ஏறப் போகிறேன், செலுவாங் பிடிக்க.